யாருக்காக இரங்குவது? கொவென்றியில் ஒலித்த யுத்த றெக்குவியம்

1940ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி இரவு இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கொவென்றி நகரின்மீது ஜேர்மனிய விமானப்படை ஏறத்தாழ 500 குண்டுவீச்சு விமானங்களை ஏவிற்று. அத்தாக்குதலுக்கு அப்படையினர் இட்டிருந்த மறைபெயர் 'நிலவொளிச் சொனாற்றா' என்பதாகும். பீதோவன் இயற்றிய பியானோ இசைகளுள் உலகெங்கும் பலரறிந்த ஒன்றுக்கு வழங்கும் பெயர் அது. நிலவு நிறைந்திருந்த இரவு. பெயரைத் தெரிவு செய்தவர் இசைச் சுவையுடையவராகவே இருந்திருத்தல் வேண்டும். மாலை தொடங்கி ஏறத்தாழப் பதினொரு மணி நேரம் நகர் எரிந்தது. 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். 4,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. மோட்டார் வாகனமும் விமான இயந்திரமும் செய்யுந் தொழிற்சாலைகளும், அவற்றில் உழைத்தோர் குடியிருந்த சிறு வீடுகளும் அடுத்தடுத்து நெருங்கிக் கிடந்த நகராதலின், ஆலைக்கு விழுந்த குண்டு வீட்டையும் விட்டுவைக்கவில்லை. இறந்தோரைத் தனித்தனியே அடக்கஞ் செய்தல் இயலாதாகிப் பெருங்குழிகளில் வரிசையாக இட்டு மூடினர். ஒரு நகரை முற்றாக நாசமாக்குதல் என்னும் பொருளில் அந்நகரின் பெயரிலிருந்தே புதியதொரு வினைச்சொல்லை நாஸிப் பிரசாரகர் ஆக்கிக்கொண்டனர்.

அவ்விரவில் எரிந்தவற்றுள் ஒன்று மத்திய காலத்தில் எழுந்த புனித மிக்கேல் பேராலயம். கூரை வீழ்ந்தது, சுற்றுச் சுவர்களும் உயர்ந்த கோபுரமும் எஞ்சின. ஆலயத் தலைவராயிருந்த றிச்சர்ட் ஹவார்ட் என்பார், பழிவாங்குதலைப் பேசாது மீளக் கட்டுதலைப் பேசினார். பின்னர் பீடத்தின் பின்புறச் சுவரில், பிதாவிடம் மன்னிப்பு வேண்டும் இரண்டு சொற்களை அவர் பொறிப்பித்தார். விவிலியத்தில் 'இவர்களை மன்னியும்' என்றிருப்பதில் 'இவர்களை' என்பதை அவர் விட்டுவிட்டமை கருதத்தக்கது. மன்னிக்கப்பட வேண்டியோர் யார் என்ற வினாவை அச்சுவர் திறந்தே விட்டிருக்கிறது. 1945 பெப்ரவரியில் ஆங்கில, அமெரிக்க விமானங்கள் டிறெஸ்டன் நகரை எரித்தபோது மாண்டோர் ஏறத்தாழ 25,000 பேர் என்பதை நினைப்போர்க்கு இத்திறந்த வினாவின் பொருள் விளங்கும்.

கொவென்றியின் கதையில் ஆலயத்துக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்லல் வேண்டும். ஸ்ராலின்கிராட் நகரம் முற்றுகையில் நின்று போராடிய காலத்திற் கொவென்றிப் பெண்கள் 830 பேர் தத்தம் பெயரை ஒரு மேசைவிரிப்பில் நூலாற் பின்னி, ஆளுக்கு ஆறு பென்ஸ் காசுஞ் சேர்த்து, அந்நகர மக்களுக்கு அனுப்பினர். 1944இல் அவ்விரு நகரங்களும் இணை நகரங்களாயின. குண்டு வீழ்ந்த நகரத்துத் தொழிலாளப் பெண்களுக்குக் குண்டு வீழ்ந்த மற்றொரு நகரத்தின் துயர் விளங்குதற்கு எந்த அரசாங்கத்தின் அறிவுறுத்தலும் தேவைப்படவில்லை. இம்மேசைவிரிப்பை வாசகர் மனத்தில் வைத்திருத்தல் நலம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

பழைய ஆலயத்தின் இடிபாடுகளை அவ்வாறே விட்டு, அதனை ஒட்டிப் புதிய பேராலயமொன்று பேசில் ஸ்பென்ஸ் என்னுங் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்தது. 1962 மே 25ஆந் திகதி அது அபிஷேகஞ் செய்யப்பட்டது. அவ்விழாவுக்கென ஒரு பேரிசையை ஆக்கித் தருமாறு பெஞ்சமின் பிரிற்றன் கேட்கப்பட்டார். மே 30ஆந் திகதி மாலை அவர் அளித்ததே 'யுத்த றெக்குவியம்'.

றெக்குவியம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையில் மரித்தோருக்காக ஒப்புக்கொடுக்கப்படும் பூசைக்கு வழங்கும் பெயர். இலத்தீன் மொழியில் அப்பூசையின் முதற்சொல் இளைப்பாறுதல் எனப் பொருள்படும். அதுவே பூசைக்கும், பூசைக்கென ஆக்கப்பெற்ற இசைக்கும் பெயராயிற்று. நம்மவர் கையறுநிலை என வகுத்த துறையைப் போன்று இதற்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. இவ்வரலாற்றை ஆராயப் புகுவோன் முதலிற் கேட்கவேண்டிய வினா, இசை எத்தகையது என்பதன்று. யார் பணம் கொடுத்தார், யாருக்காக அழும்படி சொன்னார் என்பதே. மொசாற் 1791இல் தம் இறுதி நாட்களில் எழுதிய றெக்குவியம், தன் மனைவியை இழந்த ஒரு பிரபுவால் இரகசியமாக விலைக்கு வாங்கப்பட்டது. அவ்விசையைத் தாமே இயற்றியதாகக் காட்டிக்கொள்ளுதல் அப்பிரபுவின் எண்ணம். துயரத்தையும் ஆள் வைத்துச் செய்விக்கலாம் என்பது நிலவுடைமை வர்க்கத்தின் துணிபு போலும்.

இதனினும் தெளிவான சான்று பேர்லியோஸ் இயற்றிய றெக்குவியம். 1830ஆம் ஆண்டுப் புரட்சியிற் பாரிஸ் வீதிகளில் மாண்டோரை நினைவுகூரும் பொருட்டுப் பிரெஞ்சு உள்நாட்டு அமைச்சர் அதனை எழுதுவித்தார். எழுதி முடிந்தபின் அவ்விழா கைவிடப்பட்டது. இசை வீணாகவில்லை. அல்ஜீரியாவிற் கொன்ஸ்தாந்தீன் நகரைப் பிடிக்கச் சென்று அங்கே மாண்ட ஒரு தளபதிக்காக 1837 டிசம்பரில் அது பாடப்பட்டது. வீதித் தடையரண்களில் வீழ்ந்தோருக்கென எழுந்த அழுகை, பிறர் நாட்டைப் பறிக்கப் போனவனின் சவப்பெட்டிமேல் வைக்கப்பட்ட மலர்வளையமாயிற்று. இசையில் ஒரு சுரமும் மாறவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

இத்தகைய மரபில், அரசும் திருச்சபையும் சேர்ந்தெடுக்கும் விழாவுக்கு ஒரு றெக்குவியம் வேண்டுமெனப் பிரிற்றனைக் கேட்டோர், தாம் யாரைக் கேட்கிறோம் என்பதை எவ்வளவுக்கு எண்ணிப் பார்த்தனரோ அறியோம். 1913இற் பிறந்த பிரிற்றன், முப்பதுகளின் இடதுசாரி இளைஞர் வட்டத்தில் வளர்ந்தவர். கவிஞர் ஓடனோடு சேர்ந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பற்றிய படத்துக்கு இசையமைத்தவர். ஸ்பானிய உள்நாட்டுப் போரிற் குடியரசின் பக்கம் நின்று மாண்ட சர்வதேசப் படையணியினருக்காக 1939இல் ஒரு வீரர் பாடலை ஆக்கியவர். எந்த யுத்தத்திலும் ஆயுதமேந்தேன் என்ற கொள்கையை அவர் இறுதிவரை கைவிடவில்லை. 1939இல் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், 1942இல் யுத்தத்தின் நடுவிலேயே தாயகந் திரும்பி, மனச்சான்றின் பேரால் யுத்தசேவையை மறுப்போர்க்கென அமைந்த விசாரணை மன்றத்தின்முன் நின்றார். முதலிற் போரிடாச் சேவைக்கு விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டின் பின் முழு விலக்குப் பெற்றார். ஹிற்லருக்கெதிராக ஆயுதமேந்தாதிருத்தல் சரியா என்ற கேள்வியை நம்மிற் பலர் எழுப்புவர். நானும் எழுப்புவேன். பாசிசத்தை வென்றது செஞ்சேனையின் துப்பாக்கியேயன்றிச் சமாதானப் பிரதிக்கினை அன்று. ஆயினும் யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே வயலின் கலைஞர் மெனுஹினோடு பெல்சன் வதைமுகாமுக்குச் சென்று, அங்கு எஞ்சியிருந்தோர்முன் பியானோ வாசித்தவரும் இவரே. கண்ணை மூடிக்கொண்டு சமாதானம் பேசியவரல்லர் என்பதற்கு இது போதும்.

அவருக்கும் அரசுகளுக்கும் இடையே றெக்குவியம் பற்றிய வழக்கொன்று முன்னரே நிகழ்ந்திருந்தது. 1940இல் ஜப்பானிய அரசு, தன் பேரரசு தோன்றி 2,600 ஆண்டு நிறைவெய்திய விழாவுக்கென ஓர் இசை வேண்டிற்று. பிரிற்றன் அனுப்பியது 'சின்போனியா டா றெக்குவியம்'. சீனாவைச் சிதைத்துக்கொண்டிருந்த பேரரசின் பிறந்தநாளுக்கு மரித்தோர் பூசையின் பெயர் தாங்கிய இசை! ஜப்பான் அதனை ஏற்க மறுத்ததில் வியப்பில்லை. காந்தியடிகள் 1948இற் கொலையுண்டபோதும் அவர் நினைவாக ஒரு றெக்குவியம் எழுத எண்ணினார், அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. கொவென்றியிலிருந்து அழைப்பு வந்தபோது இவையெல்லாம் அவருள்ளே கிடந்தன.

அவர் செய்த காரியம் எளிமையானது, அதுவே துணிகரமானதுமாகும். பூசையின் இலத்தீன் வாசகங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் இடையிடையே முதலாம் உலக யுத்தத்தில் மாண்ட ஓர் இளங்கவிஞனின் ஒன்பது ஆங்கிலக் கவிதைகளைப் புகுத்தினார். அக்கவிஞன் வில்பிரட் ஓவன். 1893இற் பிறந்து, 1915இற் படையிற் சேர்ந்து, பிரான்சின் பதுங்குகுழிகளில் நிலைகுலைந்து, எடின்பரோ நகரத்தருகே ஒரு மருத்துவமனையிற் சிகிச்சை பெற்று, மீண்டும் போர்முனைக்குச் சென்றவன். 1918 நவம்பர் 4ஆந் திகதி, யுத்தம் முடிய ஒரு வாரமிருக்கையில், சாம்பர் ஆற்றோடிணைந்த கால்வாயைக் கடக்கும்போது சுடப்பட்டு இறந்தான். வயது 25. சமாதான உடன்படிக்கையைக் கொண்டாடி ஆலயமணிகள் ஒலித்த நவம்பர் 11ஆந் திகதியன்றே அவன் பெற்றோரின் வீட்டுக் கதவை மரணத் தந்தி தட்டியது. வாழ்நாளில் அச்சேறிய அவன் கவிதைகள் நான்கைந்தே. அவனது தாய் 1920இல் இரவீந்திரநாத தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். போர்முனைக்கு இறுதியாகப் புறப்பட்டபோது மகன் தம்மிடம் கூறிப் பிரிந்தவை கீதாஞ்சலியின் வரிகளே என்று அதில் அறிவித்தார். ஏகாதிபத்திய யுத்தத்தில் ஏகாதிபத்தியத்தின் படைவீரனொருவன், அடிமை நாட்டுக் கவிஞனின் சொற்களைச் சுமந்து சென்றமை இலக்கிய வரலாற்றில் எளிதில் மறக்கத்தக்கதன்று.

இனி இசையின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். நான் இதனை இசைத்தட்டின் வாயிலாகவே அறிந்தவன். மேலைத்தேய இசையிற் பயிற்சியுடையேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எனினும் இதன் கட்டமைப்பு, பயிலாத காதுக்கும் விளங்குவது. பெரும் பாடகர் குழுவும் பெரும் வாத்தியக் குழுவும் ஒரு பெண்குரலும் இலத்தீன் வாசகங்களைப் பாடும். இது திருச்சபையின் குரல், பொதுவிழாவின் குரல். பன்னிரண்டு வாத்தியங்கள் மட்டுங் கொண்ட சிறு குழுவுடன் இரு ஆண்குரல்கள் ஓவனின் கவிதைகளைப் பாடும். இவை போர்வீரர் குரல்கள். இவ்விரண்டுக்கும் அப்பால், சிறு ஓகனொன்றின் துணையோடு சிறுவர் குரல்கள் எங்கோ தொலைவிலிருந்து வரும். பூசை பாடும், படைவீரன் இடைமறிப்பான். இறுதித் தீர்ப்பு நாளின் எக்காளத்தைப் பூசை முழக்கும். முன்னிரவிற் பாசறையில் ஒலித்த எக்காளத்தை, அதைக் கேட்டுக் கிடந்த பையன்களை அவன் நினைப்பான். ஆண்டவரைப் பரிசுத்தர் எனப் பூசை ஆர்ப்பரிக்கும். இறந்தவர் எழுவாரோ என்று அவன் கேட்பான். இல்லை என்ற விடையே அவனுக்குக் கிடைக்கும். அவ்வார்ப்பரிப்பின் தொடக்கத்தில் மணிகளும் உலோக வாத்தியங்களுங் கலந்து எழுப்பும் ஒலியிற் பாலித்தீவின் கமலான் இசையின் சாயலைக் கேட்கலாம். 1955-56இற் பிரிற்றன் கீழைநாடுகளிற் சுற்றியபோது அதனைக் கேட்டறிந்தார்; அப்பயணத்தில் இலங்கைக்கும் வந்து சென்றார்.

முதலிலிருந்தே இரண்டு சுரங்கள் மணிகளிலும் பாடகர் வாயிலும் திரும்பத் திரும்ப மோதுகின்றன. நமது முறையிற் சொல்வதாயின் அவற்றின் இடைவெளி சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ளது. நம் காதுக்கு அது பழகிய உறவு. கல்யாணி பாடுவோர் நாள்தோறும் அதில் நடமாடுகின்றனர். ஐரோப்பிய மரபிலோ இந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயரையே சூட்டினர். ஒரு சுரம் மற்றொன்றோடு இணங்காது, விலகிப் போகவும் மாட்டாது நிற்கும் இந்நிலையை வைத்தே முழுப் படைப்பும் கட்டப்பட்டுள்ளது. மூன்று இடங்களில் மட்டும் பாடகர் குழு மெல்ல நழுவி இணக்கமான சுரக்கூட்டொன்றிற் போய் நிற்கும். கேட்போனுக்கு அது ஆறுதலைத் தருவதிலும் ஐயத்தையே அதிகம் தருகின்றது.

இப்படைப்பின் இதயம் காணிக்கைப் பகுதியே என்பது என் துணிபு. ஆபிரகாமுக்கும் அவன் சந்ததிக்கும் ஆண்டவர் முன்பு அளித்த வாக்கைப் பூசை நினைவூட்டுகிறது. பாடகர் குழு அவ்வாக்கை உற்சாகமாகப் பின்னிப் பின்னிப் பாடுகிறது. உடனே போர்வீரர் குரல்கள் ஆபிரகாமின் கதையைச் சொல்லத் தொடங்குகின்றன. மகனைப் பலியிடத் தகப்பன் அவனைக் கட்டுகிறான். பதுங்குகுழிகளும் தடுப்பரண்களும் அக்கதைக்குள் வந்துவிடுகின்றன. தேவதூதன் தோன்றி, மகன்மேற் கை வைக்காதே, செருக்கு என்னும் ஆட்டுக்கடாவைப் பலியிடு என்கிறான். இரு ஆண்குரல்களும் ஒன்றாகி அத்தூதனின் குரலாகும் இடத்தின் இனிமை சொல்லில் அடங்காது. ஆனால் விவிலியக் கதை இங்கே முறிகிறது. கிழவன் தூதன் சொற்கேளாது மகனைக் கொன்றுவிடுகிறான். அவனோடு ஐரோப்பாவின் சந்ததியிற் பாதியையும் ஒவ்வொருவராகக் கொல்கிறான். கவிதை அவ்விடத்தில் முடிந்தும் இசை முடியவில்லை. ஒவ்வொருவராக, ஒவ்வொருவராக என்று இரு குரல்களும் விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கத் தொலைவிற் சிறுவர்கள் பலியையும் புகழ்ச்சியையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் வாசகத்தை ஏதுமறியாதவராய்ப் பாடுகின்றனர். அடுத்த யுத்தத்துக்கு வளரும் பிள்ளைகள் அவர்கள். பின்னர்ப் பாடகர் குழு பழைய வாக்கை மீண்டும் பாடுகிறது. இம்முறை தாழ்ந்த குரலில், வெட்கியவர் பாடுவது போல.

திருச்சபை தன் ஆலயத்தைத் திறக்க அழைத்தவன், அவ்வாலயத்தின் நடுவிலேயே, தந்தையர் தலைமுறையையும் அவர்களை ஆசீர்வதித்த மதகுருமாரையும் கூண்டிலேற்றினான். பூசையின் சொற்களையே சாட்சியாக அழைத்தான் என்பதிலேதான் அதன் வலிமை உள்ளது. வெளியே நின்று நாத்திகம் பேசியிருப்பின் விழாக்குழுவினர் எளிதிற் கதவைச் சாத்தியிருப்பர்.

மற்றோரிடம் நுணுக்கமானது. மரித்தோர் பூசையில் இறைவனின் செம்மறியை நோக்கி வேண்டப்படுவது, 'அவர்களுக்கு' இளைப்பாறுதல் வேண்டும் என்பதே. படைப்பு முழுவதிலும் ஆங்கிலமே பாடிய உயர்ந்த ஆண்குரல், இவ்விடத்தில் ஒரே ஒருமுறை இலத்தீனிற் பாடுகிறது. மரித்தோர் பூசையில் இல்லாத வாசகம் அது: 'எங்களுக்கு'ச் சமாதானம் தாரும். இறந்தவர்க்கு வேண்டிய பூசை உயிருள்ளோர்க்கு வேண்டுவதாகிறது. 1958 முதல் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிரித்தானியர், அணுகுண்டைக் கைவிடுக என்ற முழக்கத்தோடு ஓல்டர்மாஸ்ரன் வீதியில் நடந்துகொண்டிருந்த காலம் அது. கியூபா நெருக்கடிக்கோ இன்னும் ஐந்து மாதங்களே இருந்தன.

மூன்று தனிக்குரல்களுக்கும் மூன்று நாட்டவரைப் பிரிற்றன் மனத்திற் கொண்டிருந்தார். உயர்ந்த ஆண்குரலுக்கு ஆங்கிலேயராகிய பீற்றர் பியர்ஸ். தாழ்ந்த ஆண்குரலுக்கு ஜேர்மனியராகிய பிஷர்-டீஸ்கௌ. ஹிற்லரின் படையிற் சேர்க்கப்பட்டு, இத்தாலியில் அமெரிக்கரிடம் போர்க்கைதியாயிருந்தவர். ஊனமுற்றிருந்த அவருடைய சகோதரனை நாஸிகள் காப்பகமொன்றிற் பட்டினியால் மாளச் செய்தனர். பெண்குரலுக்கு ரஷ்யராகிய கலினா விஷ்னெவ்ஸ்கயா. லெனின்கிராட் முற்றுகையின் பசியிற் பிழைத்தவர். கடந்த யுத்தம் மூவர் உடலிலும் வடு வைத்திருந்தது. அவர்கள் அருகருகே நின்று பாடுவதே இப்படைப்பின் பாதிப் பொருள்.

விஷ்னெவ்ஸ்கயா வரவில்லை. தடுத்தது சோவியத் அரசு. ஒரு சோவியத் பெண், ஜேர்மனியனுக்கும் ஆங்கிலேயனுக்கும் அருகே நின்று அரசியற் படைப்பொன்றை எவ்வாறு பாடலாம் என்று கலாசார அமைச்சர் பூர்த்சேவா தம்மிடம் கேட்டதாக அவர் பின்னர்த் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பத்து நாள் அவகாசத்தில் அப்பகுதியைக் கற்று வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹெதர் ஹாப்பர் பாடினார். இதனை மறைத்துப் பேசும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. முதலாளித்துவப் பத்திரிகைகள் இதைப் பெரிதாக்கின என்பது உண்மையே. ஆனால் அவை பெரிதாக்கியதனால் நிகழ்ந்தது சிறிதாகிவிடாது. 830 பெண்களின் பெயரைத் தாங்கிய மேசைவிரிப்பு போன பாதையில், ஒரே ஒரு பெண் திரும்பி வரத் தடையாயிருந்தது பாசிசமன்று. பாசிசத்தை வென்ற அரசின் அலுவலகம். மக்களின் தோழமையை மக்களிடமிருந்து காக்கவேண்டுமென எண்ணும் அதிகார மனம் எப்போது தோன்றுகிறதோ, அப்போதே கலை அதற்குச் சந்தேகப் பொருளாகிவிடுகிறது. சோவியத் இசைமேதை ஷொஸ்தாகோவிச் இவ்வாறு எண்ணவில்லை. யுத்த றெக்குவியத்தைப் பெரிதும் போற்றிய அவர், 1969இற் படைத்த மரணத்தைப் பற்றிய தமது பதினான்காம் சிம்பொனியைப் பிரிற்றனுக்கே உரித்தாக்கினார்.

மே 30ஆந் திகதி பேர்மிங்ஹாம் நகர வாத்தியக் குழுவை மெறடித் டேவிஸ் நெறிப்படுத்த, சிறு வாத்தியக் குழுவைப் பிரிற்றனே நெறிப்படுத்தினார். புதிய ஆலயத்தில் ஒலி சரியாக அமையவில்லை என்று அவர் சினந்தார். இறுதிக் கவிதையில் ஒரு போர்வீரன் இருண்ட சுரங்கமொன்றினூடே இறங்கி, அங்கே தன் கையால் முன்னாள் மாண்ட எதிரியைச் சந்திக்கிறான். கொன்றவனை நண்பனென்று அழைத்துப் பேசுபவன் கொல்லப்பட்டவன். ஆங்கிலேயர் ஒருவன் குரலிலும் ஜேர்மனியர் மற்றவன் குரலிலும் பாடினர். பின்னர் இருவரும் உறங்குவோம் என்று இணைந்து பாட, அதுவரை பிரிந்து நின்ற குழுக்கள் யாவும் முதன்முறையாக ஒன்று சேர்கின்றன. பிரிற்றன் விரும்பியபடி யாரும் கைதட்டவில்லை. பிஷர்-டீஸ்கௌவை அவருடைய இடத்திலிருந்து எழுப்பி அழைத்துச் செல்லப் பியர்ஸ் பெரிதும் முயலவேண்டியதாயிற்று.

இப்படைப்பின்மேற் குறை கூறுவோரும் உளர். ஸ்ராவின்ஸ்கி, ஆங்கில விமரிசகர் இதற்குக் காட்டிய பக்திப் பரவசத்தை எள்ளி நகையாடினார். பொறாமை கலந்த எள்ளலாயினும் அதில் ஓர் உண்மை இல்லாமலில்லை. கண்ணீர் மலியுமிடத்தில் யுத்தத்தின் காரணங்கள் மறைந்துவிடக்கூடும். ஆயுத உற்பத்தியாளன் எங்கே, குடியேற்ற நாட்டுச் சந்தைகளுக்கான போட்டி எங்கே என்று கேட்கும் வாசகனுக்கு ஓவனிடமும் பிரிற்றனிடமும் விடையில்லை. கிழவனின் செருக்கு என்று மட்டுமே அவர்கள் சொல்கின்றனர். ஐரோப்பாவின் சந்ததியிற் பாதி என்று பாடப்படும்போது, அந்த யுத்தத்துக்கெனக் கடல் கடத்தப்பட்ட பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியரையும், அவர்களுள் மீளாத ஏறத்தாழ 74,000 பேரையும் எண்ணாதிருக்க நம்மால் இயலாது. அவர்களுக்கு அந்தப் பூசையில் இடமில்லை. இருப்பினும், பேர்லியோசின் இசையைத் தளபதியின் சவப்பெட்டிக்குத் திருப்பியது போல, யுத்த றெக்குவியத்தை எந்த வெற்றிவிழாவுக்கும் திருப்பிக்கொள்ள முடியாது. ஓவனின் சொற்கள் அதற்கு இடங்கொடா. அரசுகள் அதற்கு முன்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். தமக்குச் சார்பாகக் கேட்க இயலாது.

1963 ஜனவரியில் இலண்டன் கிங்ஸ்வே மண்டபத்தில் இது இசைத்தட்டாகப் பதிவு செய்யப்பட்டபோது விஷ்னெவ்ஸ்கயாவுக்கு அனுமதி கிடைத்தது. ஐந்து மாதத்தில் இரண்டு இலட்சம் பிரதிகள் விற்றன என்பர். நான் கேட்டதும் அப்பதிவையே. அதில் கண்ணீரின் நாளைப் பாடும் பகுதியில் அவர் குரல் ஒவ்வொரு சொல்லாக விம்மி ஏறுகிறது. அதனை இடைமறித்துப் பியர்ஸ், பனியில் இறந்து கிடக்குந் தோழனை வெயிலிற் கொண்டுபோய் வையுங்கள், ஊரிலே வயல்வேலைக்கு அவனை நாள்தோறும் எழுப்பியது அந்த வெயில்தானே என்னும் பொருள்படப் பாடுகிறார். வெயில் அவனை எழுப்பவில்லை. லெனின்கிராட்டின் பெண்குரல் மீண்டும் தொடங்குகிறது.